பெரியப்பாவின் சவரக்கத்தியும் தூரிங்கியச் சிலேட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவின் சவரக்கத்தியால் முகம் முழுக்க மழித்து முடித்தேன். இழுக்கவில்லை, எரியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. செப்டம்பரில் ஆரம்பித்த வேலை ஜனவரி கடைசியில்தான் கைகூடியது. நடுவில் நான்கு தடவை தோற்றேன். அதில் மூன்று தோல்விக்குக் காரணம் ஒரே தப்பு. அது கடைசிவரை என் கண்ணில் படவே இல்லை. அந்தத் தப்பை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. பழைய கத்தியையும் இயற்கைத் தீட்டுக்கல்லையும் வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இரண்டு மாதமாவது மிச்சமாகும்.

முதலில் கத்தி. பெரியப்பா மன்னார்குடியில் நாற்பது வருடம் சலூன் நடத்தியவர். அரை பிளேடு செருகும் கத்திக்குக் கடைகளெல்லாம் மாறியபோது அவரும் மாறினார். தீட்டுகிற கத்திகள் அடைப்பத்துக்குள், அதாவது சவரச் சாமான் பைக்குள், போய்விட்டன. போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "இது ஜெர்மன் கத்திடா, நீ இருக்கிற நாட்டுல செஞ்சது. நீயே வச்சுக்க" என்றார். காம்பில் சோலிங்கன் என்று, கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரின் முத்திரை தேய்ந்துபோய்த் தெரிந்தது. நான் இருப்பது நூரெம்பர்க். சோலிங்கன் இங்கிருந்து தூரம். ஆனாலும் கத்தி அது பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெர்னியரில் அளந்தேன். வாயிலிருந்து, அதாவது வெட்டும் ஓரத்திலிருந்து, முதுகு வரை அகலம் 16 மில்லிமீட்டர், அதாவது 5/8 அங்குலம். சவரக்கத்திகளை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்றுதான் சொல்வார்கள். முதுகின் தடிமன் நடுவில் 4.5 மில்லிமீட்டர், பிடியை ஒட்டிய அடிப்பக்கத்தில் 4.3. பல வருடம் கல்லில் உரசியதால் முதுகில் இரண்டு பக்கமும் பளபளவென்று தட்டையாகத் தேய்ந்த பட்டை இருந்தது. சவரக்கத்தியைத் தீட்டும்போது வாயும் முதுகும் ஒன்றாகக் கல்லில் படிந்திருக்கும். கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. இந்த அளவுக்குக் கணக்குப் போட்டால் வாயின் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி வருகிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடிப்பக்கத்தில் மிளகு அளவில் நான்கைந்து துருப் புள்ளிகள். நல்லவேளையாக வாயில் துரு ஏறவில்லை. எண்ணெய் விட்டு 1000 எண் வாட்டர் பேப்பரிலும், பிறகு 2000 எண்ணிலும் தேய்த்து எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

கல் கிடைத்தது நூரெம்பர்க் பழைய நகரத்தில் நடக்கும் ட்ரெம்பெல்மார்க்டில். வருடத்துக்கு இரண்டு தடவை, ராத்திரியெல்லாம் நடக்கும் பழம்பொருள் சந்தை. மரப்பெட்டிக்குள் கறுப்பாக, எண்ணெய் ஊறிப்போய் ஒரு கல். விற்றவருக்கு அது சமையலறைக் கத்தி தீட்டும் கல் என்பதற்கு மேல் தெரியாது. 22 யூரோ கொடுத்து வாங்கினேன். நீளம் 128, அகலம் 34, தடிமன் 19 மில்லிமீட்டர். இவ்வளவு ஒடுக்கமான, சின்னக் கல்லைச் சமையலறைக்கென்று யாரும் வெட்டமாட்டார்கள். அந்த அளவைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது.

எண்ணெயை எடுக்க இரண்டு நாள் ஆனது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மூன்றாம் நாள் கறுப்பு போய், சாம்பல் கலந்த பச்சை வெளியே வந்தது. ஈரம் பட்டால் பச்சை தூக்கலாகத் தெரிகிறது. விரலால் தடவினால் மணல் துகள் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை, நனைந்த சோப்பைத் தொடுவதுபோல் இருந்தது. ஊறியதை அவசரத்தில் ஹீட்டர் மேல் வைத்துக் காயவிட்டுவிடாதீர்கள். இது சிலேட்டு, ஏடு ஏடாகப் பிரியும் கல். நிழலில் மெதுவாகத்தான் காயவேண்டும்.

இங்கே சவரக்கத்தி தீட்டும் கல் என்றால் பக்கத்து மாநிலமான தூரிங்கியாவின் சிலேட்டுதான் பேர்போனது. சோன்னெபெர்க் நகரத்து எஷர் நிறுவனம் பக்கவாட்டில் லேபிள் ஒட்டி உலகெங்கும் விற்றது. மஞ்சள் பச்சை, இளம்பச்சை, நீலப்பச்சை, கருநீலம் என்று நிறத்தை லேபிளிலேயே அச்சடித்திருப்பார்கள். லேபிள் கிழியாமல் இருக்கும் எஷர் கல்லுக்கு இன்று பல நூறு யூரோ கேட்கிறார்கள். என் கல்லில் லேபிள் இல்லை, ஒட்டியிருந்த தடமும் இல்லை. அதனால் எஷர் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். தூரிங்கியக் கல் என்றுதான் சொல்வேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் போய்விட்டும் வந்தேன். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போகக்கூடிய மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருந்ததால் தனிச் செலவு இல்லை. பாம்பெர்க், கோபுர்க் வழியாக சோன்னெபெர்க், அங்கே ரயில் மாறி ஷ்டைனாக். ஷ்டைனாக்கில் சிலேட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நான் சவரக்கல்லைத் தேடித்தான் போனேன், ஆனால் அந்த ஊரின் பெரிய தொழில் சிலேட்டுக் குச்சி. நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதிய, பாதியை எழுதி மீதியைத் தின்ற அதே பல்பம். மலையில் வெட்டிய சிலேட்டைக் குச்சி குச்சியாக உடைத்து, உருட்டித் தேய்த்து, கட்டுக் கட்டாக அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கட்டுகளைப் பார்த்ததும் நாக்கில் அந்த மண் ருசி வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சரி, கல்லுக்கு வருவோம். எஃகு அடிக்கோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் 0.8 மில்லிமீட்டர் குழிவு. அகலவாக்கிலும் லேசாகக் குழிந்திருந்தது. சவரக்கத்திக்கு அகலவாக்குக் குழிவுதான் மோசம், வாயின் நடுப்பகுதி கல்லில் படாமலே போய்விடும். பழைய அலமாரியின் கண்ணாடித் தட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் 120 எண் வாட்டர் பேப்பரை ஈரத்தோடு ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தேய்க்க ஆரம்பித்தேன். ஓரத்துக் கோடுகள் பத்து நிமிடத்தில் அழிந்தன. நடுவில் உள்ளங்கை ரேகை அளவுக்கு இருந்த இரண்டு கோடுகள் ஒன்றரை மணி நேரம் அழியவே இல்லை. 120இல் நான்கு தாள் போனது. பிறகு 240, 400, 800, கடைசியாக 1500. மொத்தம் மூன்று மணி நேரம். நான்கு ஓரத்தையும் 45 டிகிரியில் லேசாக மழுக்கிவிட்டேன். கூரான ஓரம் இருந்தால் அதில் கத்தி மோதி வாய் பிளந்துவிடும்.

இந்த வேலையைத் தண்ணீர் இல்லாமல் செய்யவே கூடாது. சிலேட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அந்தத் தூசு நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் பக்கம் சிலேட்டுக் குச்சி ஆலைகளில் வேலை செய்தவர்கள் இந்த நோயில் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். நாம் தின்ற பல்பத்துக்குப் பின்னால் அவர்களின் மூச்சு இருக்கிறது. கல்லை எப்போதும் ஈரமாக வைத்தேன், தரையில் தெறித்ததைக் காய்வதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்தேன். வீட்டில் குழந்தை இருப்பவர்கள் பால்கனியில் செய்வது நல்லது.

கல்லின் ஒரு மூலை ஏற்கெனவே உடைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் 12 மில்லிமீட்டரை இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். சிலேட்டு மெத்தென்று அறுபடும், ஆனால் ரம்பத்தின் பல் போய்விடும், புது பிளேடு தயாராக இருக்கட்டும். இந்தச் சின்னத் துண்டுதான் பெரிய கல்லின்மேல் தேய்த்துப் பால் எடுக்கும் கல். கல்லும் கல்லும் உரசி வரும் அந்தச் சாந்தைப் பால் என்றே சொல்கிறேன், பார்க்கவும் பால்தான். அதே கல்லின் துண்டாக இருந்தால் வேறு துகள் கலந்துவிடும் பயம் இல்லை.

இனி தோல்விகள்.

முதல் தடவை நான் செய்தது வெறும் பேராசை. கல் நல்ல கல், கத்தியும் ஒரு காலத்தில் தினம் தினம் வேலை செய்த கத்தி, சிலேட்டிலேயே தீட்டினால் போதும் என்று நினைத்தேன். இருநூறு தடவை இழுத்தேன். 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பார்த்தால் வாயில் இருந்த பொடிப் பொடிப் பற்கள் முன்பு இருந்த மாதிரியே இருந்தன. இந்தச் சிலேட்டு கடைசி மெருகுக்கானது. உலோகத்தை அது எடுக்கும் வேகம் மிக மிகக் குறைவு. வாயில் பல் விழுந்திருந்தால் அதைக் கொண்டு சரிசெய்ய ஆயுசு போதாது.

அதனால் கிங் 1000/6000 இரட்டைத் தீட்டுக்கல் ஒன்று வாங்கினேன், 38 யூரோ. ஒரு பக்கம் சொரசொரப்பான 1000 எண், மறுபக்கம் நைசான 6000. 1000 பக்கத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். ஏற்கெனவே தேய்ந்த முதுகு இன்னும் தேயவேண்டாம் என்று முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். நிறையப் பேர் செய்வதுதான் அது. தீட்டுவதற்கு முன் வாயைக் கண்ணாடிப் புட்டியின் விளிம்பில் ஒரே ஒரு தடவை, பாரமே கொடுக்காமல் இழுத்து வேண்டுமென்றே மழுங்கடித்தேன். கேட்க வயிறு கலங்கும், ஆனால் இது நல்ல பழக்கம். மழுங்கிய வாய் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை இழையாகத் தெரியும். வாயை ஒட்டி இரண்டு பக்கமும் கல் தேய்த்த சரிவுகள் சந்திக்கும்போதுதான் அந்த இழை மறையும். எப்போது நிறுத்துவது என்று அதுவே சொல்லிவிடும்.

எண்பது எண்பதாக இரண்டு பக்கமும் தேய்த்த பிறகு வெள்ளை இழை போனது, அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பாக்கி. சின்னத் தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்தால் தோலைக் கவ்வியது. அப்புறம் 6000இல் ஐம்பது தடவை. முன்கை முடி நின்ற இடத்திலேயே வெட்டுப்பட்டது. இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது.

அடுத்து நான் செய்த காரியத்தைக் கவனியுங்கள். டேப்பைக் கழற்றினேன். சிலேட்டு மென்மையான கல், அதில் முதுகு தேயாது, டேப்பின் ரப்பர் உரசாமல் கல்லின் தொடுகையை நேராக உணரலாம் என்பது என் கணக்கு. கழற்றிவிட்டு சிலேட்டில் பால் எடுத்து நூறு தடவை இழுத்தேன். தோல்வாரில் தீட்டினேன். மழித்தேன். கன்னத்தில் இரண்டாவது இழுப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. முடியை வெட்டுகிறது, ஆனால் பிடுங்கிப் பிடுங்கி வெட்டுகிறது. ராத்திரிவரை கழுத்து எரிந்தது.

மூன்றாவது தடவை, இழுப்பு போதவில்லை என்று முந்நூறாக்கினேன். எந்த மாற்றமும் இல்லை. நான்காவது தடவை பாலைத் தயிர் மாதிரிக் கெட்டியாக்கினேன். அது இன்னும் கெடுத்தது. கெட்டிப் பாலில் மிதக்கும் துகள்கள் வாயின்மேல் நேராக மோதி அதை உருட்டிவிடும். மெல்லிய வாய்க்குக் கெட்டிப் பால் ஆகாது. இந்த மூன்று தடவையும் ஒவ்வொரு முறையும் டேப் ஒட்டி 1000, டேப்போடு 6000, டேப்பைக் கழற்றி சிலேட்டு. டிசம்பர் முழுக்க இப்படியே போனது. கல்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக் கூரை மாற்றிய இடத்தில் கிடந்த ஒரு கூரைச் சிலேட்டைக்கூட எடுத்துவந்து சமன்செய்து பார்த்தேன். அதில் எங்கேயோ ஒரு கடினத் துகள் ஒளிந்திருந்து வாயில் லூப்புக்குத் தெரிகிற அளவு கோடு போட்டுவிட்டது. அதை 1000க்குப் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. கூரைக்கு நல்ல கல் சவரத்துக்கும் நல்ல கல்லாக இருக்கவேண்டும் என்பதில்லை.

பொங்கலன்று வீடியோவில் பேசும்போது பெரியப்பா கத்தியைக் காட்டச் சொன்னார். கேமராவுக்கு முன் பிடித்தேன். "வெளிச்சத்துல திருப்பு. இன்னும் திருப்பு." கொஞ்ச நேரம் பார்த்தார். "வாய் சுத்தமாத்தான் இருக்கு. நீ எப்படித் தீட்டுற, ஒண்ணொண்ணாச் சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தேன். டேப் என்றதும், "அது எதுக்கு?" என்றார். முதுகு தேயாமல் இருக்க என்றேன். சரி என்று தலையாட்டினார். "அப்புறம் டேப்பை எடுத்துட்டு சிலேட்டுல போடுவேன் பெரியப்பா" என்றேன்.

"இருடா. முதுகு ஒசரத்தை எறக்கிட்டியே, அப்புறம் வாய் எப்படிடா கல்லுல படும்? தூக்கிக்காது?"

எனக்குப் பதில் வரவில்லை. அழைப்பு முடிந்த உடனே கணக்குப் போட்டேன். டேப்பின் தடிமன் 0.15 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து முதுகு 4.5இலிருந்து 4.8 ஆகிறது. கோணம் 16 டிகிரியிலிருந்து 17க்கு மேல் போகிறது. ஒரு பக்கத்துக்கு அரை டிகிரி வித்தியாசம். வாய்க்குப் பின்னால் இருக்கும் சரிவின் அகலம் என் கத்தியில் 0.6 மில்லிமீட்டர். டேப்பைக் கழற்றினால் சரிவின் பின் ஓரம் மட்டும் கல்லில் படும், வாய் அந்தரத்தில் நிற்கும். எவ்வளவு உயரத்தில் என்றால், 5 அல்லது 6 மைக்ரான். காகிதத்தின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். ஆனால் சிலேட்டு நூறு தடவையில் எடுக்கும் உலோகத்தோடு ஒப்பிட்டால் அது மலை. நான் மூன்று தடவையும் 6000 கல்லின் வாயோடுதான் மழித்திருக்கிறேன். சிலேட்டு வாயைத் தொட்டதே இல்லை.

நம்பிக்கைக்காக அன்று ராத்திரியே சோதித்தேன். கறுப்பு மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்கப் பூசி, டேப் இல்லாமல் சிலேட்டில் பத்து இழுப்பு. லூப்பில் பார்த்தேன். சரிவின் பின்பக்கம் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. வாயை ஒட்டி, அடியிலிருந்து நுனிவரை, கண்மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது. புது டேப் ஒட்டிக்கொண்டு மறுபடி பத்து இழுப்பு. கோடு மறைந்துவிட்டது. ஒரு மார்க்கர் பேனாவில் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கவேண்டியது எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

தீர்வு இரண்டில் ஒன்று. ஆரம்பம் முதல் கடைசிவரை டேப், இல்லாவிட்டால் எங்கேயும் டேப் வேண்டாம். பெரியப்பாவின் கத்தியில் முதுகு ஏற்கெனவே தேய்ந்ததுதான், அதில் காப்பாற்ற வேலைப்பாடு எதுவும் இல்லை. டேப் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். அப்படியானால் 1000இலிருந்து மறுபடி தொடங்கவேண்டும், இப்போது கோணம் குறைவு என்பதால் சரிவின் பின்பக்கத்திலிருந்து உலோகம் போய்ப் போய்த்தான் வாயை எட்டும். மார்க்கர் பூசி, தேய்த்து, பார்த்து, மறுபடி பூசி, ஒரு பக்கத்துக்கு நூற்றிருபது இழுப்பு ஆனது. கடைசி இருபதில் அழுத்தவே இல்லை. பிறகு 6000இல் அறுபது.

சிலேட்டில் இந்தத் தடவை அவசரப்படவில்லை. அரைக் கரண்டித் தண்ணீர் விட்டு, சின்னத் துண்டால் வட்டமாகத் தேய்த்து, கொழுப்பெடுத்த பால் அளவுக்கு நீர்த்த பாலாக எடுத்தேன். அதில் நாற்பது இழுப்பு. கல் ஒடுக்கமானது என்பதால் கத்தியை அடியில் ஆரம்பித்து நுனியில் முடிகிற மாதிரிச் சாய்வாகத் தள்ளவேண்டும், வாய் முன்னே போகும்படி. கை கத்தியைத் தள்ளுவதோடு சரி, பாரம் கத்தியின் சொந்த எடைதான். கல்லின் மேல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறம் கூடும், அதுதான் உலோகம் போகிற அடையாளம். பிறகு விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தண்ணீர், இருபது இழுப்பு. மறுபடி இரண்டு சொட்டு, இருபது இழுப்பு. இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பால் நீர்த்துக்கொண்டே போகும், சத்தமும் மாறும். முதலில் காகிதத்தில் பென்சில் ஓடுகிற மாதிரிச் சரசரக்கும். ஐந்தாவது தடவையில் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் ஏதாவது கேட்கிறது.

கல்லை முழுக்கக் கழுவிவிட்டு, தெளிந்த தண்ணீரில் அறுபது இழுப்பு. அப்போதுதான் நான் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். கத்தி முன்னேறும்போது வாய்க்கு முன்னால் தண்ணீர் ஒரு சின்ன அலையாகக் குவிந்து, கத்தியின் முகத்தின் மேல் ஏறியது. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஏறியது. வாய் முழுக்கக் கல்லோடு ஒட்டிப் போகும்போதுதான் தண்ணீருக்குக் கீழே போக வழி இல்லாமல் மேலே ஏறும். கடைசிப் பத்து இழுப்பில் கத்தியைக் கல் பிடித்து இழுப்பதுபோல் ஒரு ஒட்டல் கையில் தெரிந்தது. நான்கு மாதத்தில் எனக்கு அந்தக் கல்லைப் பற்றி முழு நிம்மதி வந்தது அந்த நிமிடத்தில்தான்.

தோல்வார் 46 யூரோ. ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் தோல். துணியில் முப்பது, தோலில் அறுபது. இதில் வாய் பின்னால் வரும்படி இழுக்கவேண்டும், திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்பவேண்டும். நவம்பரில் ஒரு தடவை வேகத்தில் வாய்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். தோலில் 4 மில்லிமீட்டர் வெட்டு. தூக்கிய ஓரத்தை 600 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன், இப்போது தொந்தரவு இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் விலை குறைந்த தோலில் பழகுங்கள். வேகம் தானாக வரும், அதைத் தேடிப் போகவேண்டாம்.

தலைமுடி ஒன்றை வேர்ப்பக்கம் பிடித்து, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வாயின் மேல் தொங்கவிட்டேன். முன்பெல்லாம் முடி வாயில் வழுக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் நெடுக்கில் பிளக்கும். இப்போது பட்டதும் துண்டாகிக் கீழே விழுந்தது.

மழித்தது மறுநாள் காலை. வெந்நீர்த் துண்டு மூன்று நிமிடம், சோப்பு நுரை நன்றாக. இடது கன்னத்தில் முடி வளரும் போக்கிலேயே, கத்தியை 30 டிகிரி சாய்த்து. நுரை விலகுகிற சத்தம் மட்டும் கேட்டது. முடி வெட்டுப்படுகிறதா என்று நின்று தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கழுத்து, மோவாய், மேலுதடு எல்லாம் முடிய இருபது நிமிடம். குளிர்ந்த தண்ணீர் அடித்தபோது எங்கேயும் எரியவில்லை. படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "மோவாய்க்குக் கீழ விட்டுட்ட பாரு" என்று ஒரே வரி வந்தது. நிஜம்தான், அங்கே கொஞ்சம் விட்டிருந்தேன்.

மொத்தச் செலவு: சிலேட்டு 22, கிங் கல் 38, வாட்டர் பேப்பர் 9, டேப் 3, லூப் 14, தோல்வார் 46. ஆக 132 யூரோ. ரம்ப பிளேடும் மார்க்கரும் வீட்டில் இருந்தவை. டேப்பை வாங்காமலே இருந்திருக்கலாம்.

வேலை இன்னும் முழுசாக முடியவில்லை. அடிப்பக்கத்தில் 8 மில்லிமீட்டர் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே முதுகு 4.3 என்று சொன்னேனே, அந்த 0.2 குறைவால் அந்த இடம் கல்லில் வேறு மாதிரிப் படிகிறது. மழிக்கும்போது அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுகிறேன். அடுத்த முறை 1000இல் இருக்கும்போதே அடிப்பக்கத்தை முன்னால் விட்டு, மணிக்கட்டை லேசாக உருட்டித் தள்ளப்போகிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் மாறும்போது மார்க்கர் பூசிப் பார்ப்பதை இனி விடமாட்டேன். 6000க்கும் சிலேட்டுக்கும் நடுவில் 8000 கல் ஒன்று இருந்தால் சிலேட்டில் நேரம் குறையும் என்று தோன்றுகிறது, ஆனால் அதை வாங்குவதற்கு முன் இப்போது இருப்பதில் இன்னும் நான்கைந்து தடவை தீட்டிப் பார்க்கவேண்டும்.

அடைப்பத்தில் இன்னொரு கத்தி இருக்கிறதாம். அகலம் கூடுதல், முதுகில் பூ வேலைப்பாடு உண்டு என்கிறார் பெரியப்பா. ஏப்ரலில் தம்பி ஊரிலிருந்து வரும்போது கொண்டுவருவான். அந்தப் பூ வேலைப்பாட்டுக்காக அதற்குக் கட்டாயம் டேப் ஒட்டுவேன், 1000இலிருந்து சிலேட்டின் கடைசி இழுப்புவரை. கல் மாறும்போதெல்லாம் புது டேப், அதே தடிமன். கிளம்புவதற்கு முன்பே முதுகை அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.